சிறையிலிருந்து வந்த பிறகு படிப்பு: இக்னோவா, தமிழ்நாடு திறந்தநிலையா, அரசுக் கல்லூரியா, ஐடிஐயா?

“சார், தம்பி வெளிய வந்துட்டான். உள்ள இருக்கும்போதே இக்னோவுல பி.ஏ. முதல் வருஷம் எழுதிட்டான். அதையே முடிக்கச் சொல்றதா, இல்ல காலேஜ்ல சேர்த்துவிடறதா?”

கேட்ட அக்காவின் கையில் துணிக்கடைப் பை. அதற்குள் ஜாமீன் உத்தரவின் ஜெராக்ஸ், லேமினேட் செய்த சாதிச் சான்றிதழ், மடிப்பில் கிழிந்த பிளஸ் 2 மதிப்பெண் பட்டியல். டிசி இல்லை. தம்பி கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டான். கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. கல்லூரியில் பல வருஷம் சேர்க்கை வேலை பார்த்தவன் என்பதால் என்னிடம் இந்த மாதிரிக் கேள்வியோடு சிலர் வருவதுண்டு. எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் நாலு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘சிறைக்குப் போய் வந்தவர்’ என்றதும் தண்டனை அனுபவித்தவர் என்றே ஊர் நினைக்கிறது. 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நாலில் மூன்று பேர் மீது எந்தக் கோர்ட்டும் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் இன்னொரு ரகமும் உண்டு. 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டத்தில், நம் வாயில் ‘குண்டாஸில்’, உள்ளே போனவர்கள். அது தடுப்புக் காவல், தண்டனை இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் பல பிள்ளைகள் விண்ணப்பப் படிவத்தைப் பார்த்தாலே ஒதுங்கிவிடுகிறார்கள்.

## எதை வைத்து அளப்பது

பட்டத்தின் பெயரை வைத்து யோசிக்க ஆரம்பிக்காதீர்கள். நான் முதலில் கேட்பது வழக்கின் நாட்காட்டியை. ஸ்டேஷனில் கையெழுத்து உண்டா, எத்தனை மணிக்கு? வாய்தா எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருகிறது? அடுத்து, பத்தாவதும் பிளஸ் 2-வும் முறையாகத் தேறியிருக்கிறதா என்பது. மூன்றாவது காசு. கல்லூரிக் கட்டணத்தைச் சொல்லவில்லை, பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் தினப்படிக் காசைச் சொல்கிறேன். நாலாவது இடம். பழைய தெருவிலேயே இருந்து படிப்பது பாதுகாப்பா, இல்லை அந்தத் தெருவேதான் சிக்கலா? கடைசியாக, படித்து முடித்து எந்த வேலைக்குப் போக ஆசை என்பது.

இவற்றில் முதலாவதுதான் பெரியது. மற்றதையெல்லாம் எப்படியாவது சரிக்கட்டலாம். நேரத்தைச் சரிக்கட்டுவது கடினம்.

## பத்தரை மணிக் கையெழுத்து

நம் ஊர் ஜாமீன் உத்தரவுகளில் வழக்கமாக வரும் வரி இது: தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் ஆஜராகிக் கையெழுத்திட வேண்டும். படிக்கும்போது அஞ்சு நிமிஷ வேலை மாதிரித்தான் இருக்கும். நேரில் போய்ப் பார்த்தால் வேறு. பத்தே காலுக்கே போய் மர பெஞ்சில் உட்கார வேண்டும். நோட்டு ரைட்டரிடம் இருக்கும், ரைட்டர் இன்ஸ்பெக்டரோடு பந்தோபஸ்துக்குப் போயிருப்பார். “இரு, வருவாரு” என்பார்கள். கையெழுத்துப் போட்டு வெளியே வரும்போது சில நாள் பன்னிரண்டு தாண்டிவிடும். காலை ஷிப்டுக் கல்லூரி ஒன்றரைக்கு விட்டுவிடும். வருகைப் பதிவு 75 சதவீதம் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ரெண்டு மாதத்தில் தேர்வெழுதும் தகுதியே போய்விடும்.

இதற்கு வழி இருக்கிறது. நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி ஜாமீன் கொடுத்த கோர்ட்டிலேயே மனு போடலாம். கல்லூரியில் சேர்ந்த கையோடு போனஃபைடு சான்றிதழ் வாங்கி மனுவோடு இணைத்தால் ‘படிக்கிறான்’ என்பதற்கு எழுத்தில் ஆதாரம் கிடைக்கிறது. வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். தேர்வு நாளும் வாய்தாவும் ஒரே நாளில் விழுந்தால் நேரில் வராமல் இருக்க அனுமதி கேட்கலாம். கோர்ட்டு வாசலில் இன்னும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து ‘317 போடுவது’ என்றுதான் சொல்கிறார்கள். 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் அது 355-ஆம் பிரிவு. ஆனால் தீர்ப்பு நாளிலும், நீதிபதி நேரில் கேள்வி கேட்கும் நாளிலும் இதை நம்பாதீர்கள். தேர்வு அட்டவணை வந்த அன்றே நகலை வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள். முதல்நாள் ராத்திரி போன் செய்தால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

## இக்னோ: உள்ளே தொடங்கியதை முடிப்பது

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-இல் தொடங்கியது. சிறைகளுக்குள்ளேயே படிப்பு மையம் நடத்துகிறது, உள்ளே இருப்பவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. தமிழ்நாட்டில் இதற்கு எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் பேரறிவாளன். 2012-இல் சிறையிலிருந்தபடியே பிளஸ் 2-வில் 91 சதவீதத்துக்கு மேல் எடுத்தவர், பிசிஏ, எம்சிஏ இரண்டையும் இக்னோவில்தான் முடித்தார்.

இதில் பெரிய வசதி கயிறு நீளம் என்பதுதான். மூன்று வருஷப் பட்டத்தை ஆறு வருஷம் வரை இழுக்கலாம். ஜூனில் விட்டதை டிசம்பரில் எழுதலாம். நடுவில் மறுபடி ரிமாண்டு ஆனாலும் படிப்பு அறுந்துபோவதில்லை.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. வெளியே வந்தபின் அடுத்த வருஷத்து மறுபதிவுக்குப் பணம் எடுத்து வைத்திருக்க வேண்டும். தாளுக்குத் தாள் தேர்வுக் கட்டணம் தனி. பதிவில் இருக்கும் விலாசம் சிறை விலாசம், போன் நம்பர் வேறு யாருடையதோ. அப்படியே விட்டால் புத்தகப் பார்சல் ஒரு பக்கம் போகும், ஓடிபி இன்னொரு பக்கம் போகும். ஆகவே வெளியே வந்த வாரமே சென்னை அல்லது மதுரை மண்டல மையத்தில் எழுதிக் கொடுத்து விலாசம், நம்பர், படிப்பு மையம் மூன்றையும் மாற்றிவிட வேண்டும். ஒப்படைப்புகளை (அசைன்மென்ட்) எழுதித் தராமல் தேர்வை மட்டும் எழுதினால் பட்டம் வராது. உள்ளே இருந்தபோது வாத்தியார் ஒருவர் நினைவுபடுத்தியிருப்பார், வெளியே நாமேதான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு இதுதான் நிஜமான சுவர்.

முதல் வருஷத் தாள்களில் பாதிக்கு மேல் தேறியிருந்தால் இக்னோவை விடாதீர்கள். வேறு பல்கலைக்குப் போனால் அந்தத் தாள்களை அவர்கள் ஏற்பார்கள் என்று உறுதி சொல்ல முடியாது.

## தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம்: தமிழில், வார இறுதியில்

சைதாப்பேட்டையில் இருக்கிறது, 2002-இல் சட்டம் போட்டுத் தொடங்கியது. இக்னோவுக்குச் சொன்ன நேர வசதி இங்கேயும் உண்டு. கூடுதலாகத் தமிழ்ப் பாடநூல். வயது முப்பதைத் தாண்டியவர், வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க வேண்டியவர், வழக்கு நடந்துகொண்டிருப்பவர் ஆகியோருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். முறைப்படி அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2022-இல் மறுபடியும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. “கரஸ்ல படிச்சது செல்லாதாமே” என்று பயமுறுத்தும் மாமாக்களிடம் அதைச் சொல்லுங்கள்.

ஆனால் ஒரு குழி இருக்கிறது, ரெண்டு திறந்தநிலைக்கும் பொது. பிளஸ் 2 இல்லாதவர்களும் ஆயத்தப் படிப்பு ஒன்றை முடித்துப் பட்டப்படிப்பில் சேரும் வழி முன்பிருந்தே உண்டு. அந்த வழியில் பி.ஏ. முடித்தவர்கள் டிஎன்பிஎஸ்சி வாசலில் போய் மோதிக்கொண்டார்கள். பத்தாவது, பிளஸ் 2, அப்புறம் பட்டம் என்ற வரிசையில் தேறியிருந்தால்தான் அரசு வேலைக்கு அந்தப் பட்டத்தை ஏற்க முடியும் என்பது 2009 ஆகஸ்ட் 18 தேதியிட்ட அரசாணை 107. மூன்று வருஷம் உழைத்த பிறகு இதைத் தெரிந்துகொள்வதைவிடக் கொடுமை இல்லை. பிளஸ் 2 இல்லையென்றால் முதலில் தனித்தேர்வராக அதை எழுதி முடிக்கச் சொல்லுங்கள். ஒரு வருஷம் போனால் போகட்டும்.

தனிமை இன்னொரு செலவு. வீட்டில் உட்கார்ந்து படிப்பது என்றால் வீடு அதற்கு இடம் கொடுக்க வேண்டும். பழைய கூட்டாளிகள் வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிக்கும் தெருவில், ‘படிச்சிட்டிருக்கேன்’ என்று சொல்ல ஓர் இடமும் நேரமும் இல்லாமல் போவது பெரிய இழப்பு.

## அரசுக் கலைக் கல்லூரி: கஷ்டமும் அதிகம், கிடைப்பதும் அதிகம்

நேர்மையாகச் சொன்னால், முடிந்தவர்கள் இதையே முயற்சி செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

விண்ணப்பிக்க 48 ரூபாயும் பதிவுக்கு 2 ரூபாயும், எல்லாம் ஆன்லைனில். இளநிலைக்குக் கற்பிப்புக் கட்டணம் இல்லை. இலவச பஸ் பாஸ் உண்டு. வெளியூர் என்றால் அரசு விடுதி. 2025 முதல் அவற்றுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர். இந்த விடுதியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். தகராறு நடந்த தெருவை விட்டு நூறு கிலோமீட்டர் தள்ளி, மூன்று வேளைச் சோற்றோடு, காசில்லாமல் ஓர் இளைஞன் மூன்று வருஷம் இருக்க நம் மாநிலத்தில் வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

மாதம் 1,000 ரூபாய்த் திட்டங்கள் தனி. பெண்களுக்குப் புதுமைப் பெண் 2022 முதல், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 முதல். ரெண்டுமே நேரடியாகக் கல்லூரி போகிறவர்களுக்குத்தான், தொலைநிலைக்குக் கிடையாது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். சிறைக்குள் தனித்தேர்வராகப் பிளஸ் 2 எழுதியவருக்கு இந்த விதியே தடையாக நிற்கும். அந்த ஆயிரத்தைக் கணக்கில் சேர்த்து வீட்டுச் செலவைத் திட்டமிட்டுவிடாதீர்கள்.

கஷ்டங்கள்: டிசி வேண்டும். படிப்பில் இடைவெளி விழுந்திருந்தால் ஏன் என்று கேட்பார்கள். வயது வரம்பை அந்த வருஷத்து வழிகாட்டிக் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். கூடப் படிக்கும் பிள்ளைகளுக்கு 17 வயது, இவருக்கு 22. முதல் மாதம் ரொம்பக் கூச்சமாக இருக்கும்.

கையெழுத்துப் பிரச்சினைக்கு இங்கே ஒரு தந்திரம் உண்டு. ரெண்டு ஷிப்டு நடக்கும் கல்லூரியாகப் பார்த்து மதிய ஷிப்டைக் கேளுங்கள். காலையில் கையெழுத்து, மதியம் வகுப்பு. சேர்க்கை நாளில் யாரும் இதை எடுத்துச் சொல்ல மாட்டார்கள். நல்ல மார்க் எடுத்தவன் காலை ஷிப்டைத்தான் எடுப்பான் என்பது வழக்கம், நாம் மாற்றிக் கேட்க வேண்டும்.

அப்புறம், ஓர் ஆசிரியரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். ஸ்டாஃப் ரூம் முழுக்கத் தெரிய வேண்டியதில்லை, ஆனால் வாய்தாவுக்கு லீவு கேட்கும்போது பொய் சொல்லாமல் கேட்க ஒருவராவது வேண்டும். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலையில் 1967-லேயே இதற்கென்று ‘புராஜெக்ட் ரீபவுண்ட்’ என்று ஒன்றைத் தொடங்கினார் ஜான் இர்வின். அவரே கொள்ளை வழக்கில் சிறையிருந்து வந்து பேராசிரியரானவர். அதே பாதையில் வந்த மூத்தவர் ஒருவர் வளாகத்துக்குள்ளேயே இருந்து வழி சொல்வதுதான் அதன் அடிப்படை. நம் கல்லூரிகளில் அப்படி ஒரு மேஜை போடப் பணம்கூட அதிகம் வேண்டாம், மனசுதான் வேண்டும். அதுவரை அந்த ஓர் ஆசிரியர்தான்.

## ஐடிஐ: சீக்கிரம் சம்பளம் வேண்டுமென்றால்

இது உயர்கல்வியா என்று கேட்கலாம். உயர்கல்விக்குப் பின்வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெல்டர் ஒரு வருஷம், எட்டாவது போதும். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் ரெண்டு வருஷம், பத்தாவது வேண்டும். அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், பஸ் பாஸ். பத்தாவது தேறி ரெண்டு வருஷப் பிரிவை முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக ரெண்டாம் வருஷம் சேரலாம். பட்டறை வேலையில் முதலாளி கையைத்தான் பார்க்கிறார், பழைய கதையை அவ்வளவாகக் கேட்பதில்லை. குறை என்னவென்றால், காலையிலிருந்து மாலை வரை பட்டறையில் நிற்க வேண்டும். நிபந்தனைக் கையெழுத்து இருக்கும்வரை சேராதீர்கள்.

## ஒரே பார்வையில்

| | இக்னோ | த.நா. திறந்தநிலை | அரசுக் கல்லூரி | அரசு ஐடிஐ |
|---|---|---|---|---|
| கையெழுத்து, வாய்தா | இடிக்காது | இடிக்காது | மதிய ஷிப்டு என்றால் சமாளிக்கலாம் | இடிக்கும் |
| மொழி | ஆங்கிலம், இந்தி | தமிழ் உண்டு | தமிழ் உண்டு | தமிழில் சமாளிக்கலாம் |
| மாத உதவி | இல்லை | இல்லை | தகுதி இருந்தால் 1,000 | 750, தகுதி இருந்தால் மேலும் 1,000 |
| தங்க இடம் | இல்லை | இல்லை | விடுதி | சில இடங்களில் |
| பெரிய ஆபத்து | மறுபதிவை மறப்பது | பிளஸ் 2 இல்லாமல் சேர்வது | வருகைப் பதிவு | பாதியில் நிற்பது |

## சொல்வதா, மறைப்பதா

எந்த வழியில் போனாலும் இந்தக் கேள்வி வரும். கேட்காத இடத்தில் நீங்களாகப் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. கேட்ட இடத்தில் மறைக்கக் கூடாது. 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேலைக்கான சரிபார்ப்புப் படிவத்தைப் பற்றிச் சொன்னது இதுதான்: தகவல் உண்மையாக இருக்க வேண்டும், சின்ன வழக்கை மறைத்ததை முதலாளி மன்னிக்கலாம், பெரியதை மறைத்தால் வேலையே போகலாம். வழக்கால் போகாத வேலை மறைத்ததால் போகும்.

ஆனால் கேள்வியை எழுத்தெண்ணிப் படியுங்கள். ‘தண்டிக்கப்பட்டவரா’ என்று கேட்டால் விசாரணைக் கைதியாக இருந்தவரும் குண்டாஸில் இருந்தவரும் ‘இல்லை’ என்றே எழுதலாம். ‘வழக்கு நிலுவையில் உள்ளதா’, ‘எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா’ என்பவை வேறு கேள்விகள். 18 வயதுக்குள் நடந்ததற்கு, 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, அதனால் எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது என்கிறது. 16 வயதைத் தாண்டிக் கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர்போல் விசாரிக்கப்பட்டவருக்கு மட்டும் அது பொருந்தாது. முதல் குற்றம் என்று 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தில் விடப்பட்டவருக்கும் 12-ஆம் பிரிவு இதே மாதிரி பாதுகாப்புத் தருகிறது.

போலீஸ் வேலைக் கனவு இருந்தால் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரையும் தமிழ்நாட்டுக் காவலர் பணி விதிகள் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே பார்க்கின்றன. அதை மட்டும் நம்பி மூன்று வருஷப் படிப்பைத் திட்டமிட வேண்டாம்.

## சட்டப் படிப்பு ஆசை

உள்ளே இருந்து வந்தவர்களில் பலருக்கு வக்கீலாக வேண்டும் என்று தோன்றுவது நியாயம்தான். தொலைநிலையில் சட்டம் படிக்க முடியாது, நேரில்தான். சட்டக் கல்லூரிகள் மாணவர்களின் குற்றப் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும் என்று 2024 செப்டம்பரில் பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்தில் தண்டனை பெற்றவரை வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது என்கிறது 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம், 24ஏ பிரிவு. இந்த வரியோடு வாசிப்பதை நிறுத்திவிட்டு மனம் உடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்த வரியில் இருக்கிறது விஷயம்: விடுதலையாகி ரெண்டு வருஷம் ஆனபின் அந்தத் தடை நீங்கிவிடும். மூன்று வருஷ எல்.எல்.பி. படித்து முடிப்பதற்குள் அந்தக் காலம் கடந்திருக்கும். வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தால்தான் சிக்கல். அவர்கள் முதலில் ஒரு பட்டத்தை முடிக்கட்டும், வழக்கும் ஒரு பக்கம் முடியட்டும்.

## யாருக்கு எது

வழக்கு முடிந்துவிட்டது, வயதும் இடம் கொடுக்கிறது, பிளஸ் 2 இருக்கிறது என்றால் அரசுக் கல்லூரி, முடிந்தால் வெளியூரில் விடுதியோடு. குடும்பம் இவர் சம்பளத்தை எதிர்பார்த்து நின்றால், கையெழுத்தும் முடிந்திருந்தால், ஐடிஐ. வழக்கு நடக்கிறது, ஆங்கிலம் வராது என்றால் தமிழ்நாடு திறந்தநிலை. ரெண்டையும் சேர்த்துச் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: நேரடியாக ஒன்று, தொலைநிலையில் ஒன்று என ஒரே சமயத்தில் ரெண்டு பட்டம் படிக்க 2022 முதல் யூஜிசி அனுமதிக்கிறது. வெளியே வந்த முதல் வருஷத்தில் நான் யாருக்கும் அதைச் சொல்ல மாட்டேன்.

அந்த அக்காவின் தம்பிக்கு 24 வயது. எட்டுத் தாளில் ஆறு தேறியிருந்தான். தினமும் பத்தரைக் கையெழுத்து, சாட்சி விசாரணை இன்னும் தொடங்கவில்லை. இக்னோவையே முடிக்கட்டும் என்று சொன்னேன். அக்காவுக்கு முகம் வாடிவிட்டது, தம்பி நோட்டுத் தூக்கிக்கொண்டு கல்லூரிக்குப் போவதைப் பார்க்க அவருக்கு ஆசை. அப்புறம்தான் தம்பி கேட்டுக்குள் வந்து முதல் கேள்வி கேட்டான்: “சார், அந்த அட்ரஸ் மாத்துற ஃபாரம், அதுல பழைய அட்ரஸ்னு எதை எழுதணும்?”

சிறை விலாசத்தைத்தான் எழுத வேண்டும் என்றேன். திண்ணையிலேயே உட்கார்ந்து எழுதினான்.